கடலுக்குச் சீட்டு கிழித்தவர்கள்

1613-ஆம் ஆண்டு, மழைக்காலம் ஓயும் நேரம். செங்கடல் போய்த் திரும்பிய ‘ரஹீமி’ என்ற கப்பலை சூரத் துறைமுகத்துக்கு அருகே போர்த்துகீசியர் மடக்கிப் பிடித்தார்கள். பயணிகள், சரக்கு, மாலுமிகள் எல்லாரையும் எல்லாவற்றையும் சேர்த்து கோவாவுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள்.

ஆண்டுதோறும் ஹஜ் பயணிகளையும் துணியையும் அவுரியையும் ஏற்றிச் சென்ற அந்தப் பெருங்கப்பலின் சொந்தக்காரர் மரியம்-உஸ்-ஸமானி. மறைந்த அக்பரின் மனைவி; அப்போது ஆண்டுகொண்டிருந்த ஜஹாங்கீரின் தாய். பேரரசரின் தாயாருடைய கப்பலில் கை வைப்பது சாதாரணக் காரியமில்லை. அதைவிட வேடிக்கை, அந்தக் கப்பலிடம் முறையான கடற்பயணச் சீட்டு இருந்தது. சீட்டைக் கொடுத்ததும் போர்த்துகீசியர்தான், அதை மதிக்காமல் கப்பலைப் பிடித்ததும் போர்த்துகீசியர்தான்.

ஜஹாங்கீர் சும்மா இருக்கவில்லை. போர்த்துகீசியர் வசமிருந்த டாமனை முற்றுகையிடப் படை அனுப்பினார். ஆக்ராவிலும் லாகூரிலும் இயேசு சபைப் பாதிரிமார்களின் தேவாலயங்களை மூடச் சொன்னார். 1615-இல் ஒருவழியாகச் சமரசம் ஏற்பட்டது. ஆனால் அதே ஆண்டில்தான் இங்கிலாந்து மன்னரின் தூதர் சர் தாமஸ் ரோ சூரத்தில் வந்து இறங்கினார். சூரத் பக்கம் ஆங்கிலேயரை நுழையவிட்ட மொகலாயர்களுக்குப் பாடம் கற்பிக்கத்தான் ரஹீமியைப் பிடித்தார்கள். பாடம் கற்றது வேறு ஆள்.

லட்சக்கணக்கில் படை வைத்திருந்த மொகலாயப் பேரரசர், தன் தாயின் கப்பல் மக்காவுக்குப் போய்வர, சுமார் 10 லட்சத்துக்குச் சற்று மேல் மட்டுமே மக்கள்தொகை இருந்த ஒரு சின்னஞ்சிறு ஐரோப்பிய நாட்டிடம் சீட்டு வாங்கவேண்டிய நிலை எப்படி வந்தது? அந்தச் சீட்டின் கதைதான் போர்த்துகீசியக் கடல் பேரரசின் கதை. எழுந்ததும் அதனால், விழுந்ததும் அதனால் என்பது என் எண்ணம்.

யாருக்கும் சொந்தமில்லாத கடல்

போர்த்துகீசியர் வருவதற்கு முன் இந்தியப் பெருங்கடலில் வணிகம் செய்தவர்கள் குஜராத்திகள், அரபிகள், பாரசீகர், மலபார் மாப்பிள்ளைமார், சோழமண்டலக் கரையின் மரக்காயர்கள், செட்டிகள், மலாய்க்காரர், சீனர் எனப் பலர். மன்னர்கள் துறைமுகத்தில் சுங்கம் வாங்கினார்கள். கடற்கொள்ளையும் இருந்தது, சோழரும் மிங் சீனரும் பெரும்படை அனுப்பிய காலங்களும் உண்டு. ஆனால் நடுக்கடலில் போகிற கப்பலை நிறுத்தி “இது என் கடல், போவதற்கு அனுமதி எங்கே?” என்று கேட்பதை நிரந்தர நிர்வாகமாக நடத்தியவர் யாருமில்லை.

போர்த்துகீசியர் கேட்டார்கள். ‘கர்த்தாஸ்’ என்ற அந்தச் சீட்டில் கப்பலின் பெயர், நாகுதா எனப்பட்ட கப்பல் தலைவரின் பெயர், புறப்படும் இடம், போகும் இடம், உள்ளே இருக்கும் ஆயுதம் எல்லாம் எழுதியிருக்கும். மிளகு போன்ற சரக்கை ஏற்றக்கூடாது, துருக்கியர் போன்ற எதிரிகளை ஏற்றக்கூடாது என்று நிபந்தனை. சீட்டுக்கான கட்டணம் அற்பம். விஷயம் அதில் இல்லை. சீட்டு வாங்கிய கப்பல் கோவா, டையூ, ஹோர்முஸ், மலாக்கா போன்ற அவர்களுடைய துறையில் நின்று சுங்கம் கட்டியாகவேண்டும். சீட்டு இல்லாத கப்பல் பிடிபட்டால் சரக்கு பறிபோகும், ஆட்களின் கதி பிடித்தவர் மனசைப் பொறுத்தது. சந்தையில் கடை போட்டிருப்பவரிடம் பேட்டை ரவுடி வாங்கும் மாமூலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இதில் அரசு முத்திரை இருந்தது என்பதுதான்.

முத்திரையோடு படமும் இருந்தது. சீட்டில் மேரி மாதா, இயேசு உருவங்கள் பொறித்திருந்ததால், அதைக் கையில் வைத்துக்கொண்டு ஹஜ் போவது தகுமா என்று அக்பர் காலத்து மார்க்க அறிஞர்கள் விவாதித்தார்கள். விவாதம் நடந்தது, சீட்டும் வாங்கினார்கள்.

வாங்க மறுத்தவர்களுக்குக் கடற்கொள்ளையர் என்று பெயர். கோழிக்கோட்டு அரசர் சாமூத்திரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரக்கார்கள் ஏறக்குறைய நூறாண்டு காலம் சீட்டு இல்லாமலே கடலில் ஓடிக் காட்டினார்கள். நான்காம் குஞ்ஞாலி சாமூத்திரியோடு பகைத்துக்கொண்டபின், சாமூத்திரியும் போர்த்துகீசியரும் கைகோத்து அவரை வளைத்தார்கள். 1600-இல் சரணடைந்தவரை கோவாவுக்குக் கொண்டுபோய் தலையை வெட்டினார்கள்.

இரண்டு கப்பல் திரும்பியது, பட்டம் பெரிதானது

போர்ச்சுகலின் கடல் பயணம் 1415-இல் மொராக்கோக் கரையில் இருக்கும் செயுத்தா துறைமுகத்தைப் பிடித்ததில் தொடங்கியது. ஆப்பிரிக்கத் தங்கமும் அடிமை வியாபாரமும் அடுத்தடுத்த பயணங்களுக்குக் காசு கொடுத்தன. இன்றைய கானாக் கரையில் 1482-இல் எல்மினா கோட்டை எழுந்தது. 1488-இல் பார்த்தலோமியு டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றினார். 1497 ஜூலையில் நான்கு கப்பல்களோடு லிஸ்பனை விட்ட வாஸ்கோ ட காமா, மாலிந்தியில் கிடைத்த வழிகாட்டி ஒருவரின் உதவியோடு 1498 மே மாதம் கோழிக்கோட்டுக் கரையை அடைந்தார். சாமூத்திரிக்கு அவர் எடுத்துவைத்த துணி, தொப்பி, பவளம், கைகழுவும் பாத்திரம், சர்க்கரை, எண்ணெய், தேன் ஆகியவற்றைப் பார்த்து அரண்மனை அதிகாரிகள் சிரித்தார்கள். மக்காவிலிருந்து வரும் ஏழை வியாபாரிகூட இதைவிட நன்றாகக் கொண்டுவருவான் என்றார்களாம்.

அந்தச் சிரிப்பில் ஒரு பொருளாதார உண்மை இருக்கிறது. ஆசியச் சந்தைக்குக் கொடுக்கப் போர்ச்சுகலிடம் சரக்கே கிடையாது. அவர்களிடம் இருந்தது உறுதியான கப்பலும் அதில் பொருத்திய பீரங்கியும். மேற்கு இந்தியப் பெருங்கடலில் ஓடிய கப்பல்கள் பல கயிற்றால் தைத்துக் கட்டியவை. சரக்கு ஏற்றத் தோதானவை, பீரங்கி அதிர்ச்சியைத் தாங்காதவை. விற்க ஒன்றுமில்லாதவன், விற்பவர்களிடம் வசூலிக்க வந்தான்.

1499-இல் திரும்பியவை இரண்டே கப்பல்கள். போனவர்களில் பெரும்பாலோர் செத்துப்போனார்கள், காமாவின் அண்ணன் பாவ்லோவும் அதில் ஒருவர். ஆனால் மன்னர் மனுவேல் உடனடியாகத் தன் பட்டப்பெயரில் எத்தியோப்பியா, அரேபியா, பாரசீகம், இந்தியா ஆகியவற்றின் வெற்றிக்கும் கடற்பயணத்துக்கும் வணிகத்துக்கும் அதிபதி என்று சேர்த்துக்கொண்டார். பட்டம் முதலில், பேரரசு பிறகு.

1502-இல் இரண்டாம் முறை வந்த காமா, மக்காவிலிருந்து பெண்கள், குழந்தைகளோடு திரும்பிக்கொண்டிருந்த ‘மீரி’ கப்பலைக் கொள்ளையடித்தபின் ஆட்களோடு எரித்தார். 1509 பிப்ரவரியில் டையூவுக்கு அருகே எகிப்து, குஜராத், கோழிக்கோடு மூன்றும் சேர்ந்து அனுப்பிய படையை முதல் வைசிராய் அல்மெய்தா நொறுக்கினார். அதன்பின் மேற்குக் கடலில் அவர்களை நேருக்குநேர் எதிர்க்கும் கப்பற்படை வெகுகாலம் உருவாகவில்லை.

அடுத்து வந்த அபோன்சோ அல்புகர்க் வேறு மாதிரி ஆள். கடல் முழுவதையும் காவல் காக்க முடியாது, அது போய்வரும் குறுகிய வழிகளைப் பிடித்தால் போதும் என்று கணக்குப் போட்டார். 1510-இல் கோவா. 1511-இல் மலாக்கா. 1515-இல் ஹோர்முஸ். செங்கடலின் வாசலான ஏடனை 1513-இல் தாக்கியபோது மட்டும் ஏணிகள் ஒடிந்து தோற்றார். என்னைக் கேட்டால், இந்தப் பேரரசின் ஓட்டை அன்றே விழுந்துவிட்டது. செங்கடல் வழியை அவர்கள் ஒருபோதும் முழுதாக அடைக்கவில்லை. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் சுமத்ராவின் ஆச்சே, குஜராத் வணிகர்கள் அந்த வழியாக அனுப்பிய மிளகு, வெனிஸ் நகரத்தின் கடைகளில் பழையபடி குவிந்தது.

மலாக்காவின் தமிழ் வணிகர்

இதையெல்லாம் அவர்கள் தனியாகச் செய்துவிடவில்லை. 1509-இல் மலாக்காவுக்கு முதன்முதலாகப் போன போர்த்துகீசியரில் சிலரை சுல்தான் சிறைப்பிடித்தபோது, அவர்களுக்கு உதவியவர் நயினா சாத்து என்று போர்த்துகீசிய ஏடுகள் குறிப்பிடும் தமிழ் வணிகர். மலாக்காவில் குஜராத்தி முஸ்லிம் வணிகர்களின் செல்வாக்கு ஓங்கியிருந்தது. அதைச் சமன் செய்ய ஒரு புதுக் கூட்டாளி கிடைத்தால் அவருக்குக் கசக்குமா?

1511-இல் நகரம் விழுந்ததும் அல்புகர்க் அவரைப் பெந்தாரா என்ற தலைமை அதிகாரி பதவியில் அமர்த்தினார். கப்பலும் முதலும் மாலுமியும் சந்தை அறிவும் நயினாவிடம் இருந்தன. போர்த்துகீசியரிடம் கோட்டை இருந்தது. பர்மாவின் பெகு துறைமுகத்துக்குப் போன கப்பலில் போர்த்துகீசிய அரசும் அவரும் சேர்ந்தே முதல் போட்டார்கள். வங்காள விரிகுடாவின் வணிகத்தை லிஸ்பன்காரர்களுக்குக் கைபிடித்துக் காட்டியவர் இந்தத் தமிழர் என்றால் மிகையில்லை.

மூன்றே ஆண்டில் அரசியல் மாறியது. சுமத்ராவில் இருந்த கம்பாரின் அரசருக்கு அதே பதவியைக் கொடுக்க முடிவு செய்தார்கள். 1514-இல் நயினா நறுமணக் கட்டைகளால் மேடை அமைத்து, தான் செய்த உதவிகளையும் தனக்கு நேர்ந்த அவமானத்தையும் கூட்டத்துக்கு எடுத்துச் சொல்லிவிட்டுத் தீயில் இறங்கினார் என்று போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். கூட்டாளியை வைத்துக்கொள்ளத் தெரியாத இந்தக் குணம் கடைசி வரை அவர்களைவிட்டுப் போகவில்லை.

மிளகிலும் அப்படித்தான். கொச்சி அரசரோடு ஒப்பந்தம் போட்டு விலையை அடிமட்டத்தில் நிறுத்திவைத்தார்கள். பல்லாண்டு கழித்தும் அதே விலை. மலபார் விவசாயிக்கும் தரகருக்கும் அது கட்டுபடியாகவில்லை. ஈரமும் தூசியும் கலந்த மிளகு கொச்சிக் கிடங்குக்குப் போனது, நல்ல மிளகு பொதிமாடுகளின் முதுகில் மலை தாண்டிச் சோழமண்டலக் கரைக்கு இறங்கியது. கடலுக்குப் பூட்டுப் போட்டவர்களால் மலைக்கணவாய்க்குப் பூட்டுப் போட முடியவில்லை. லிஸ்பனுக்குப் போன மிளகு ஆண்ட்வெர்ப் சந்தையில் விற்கப்பட்டு, அங்கிருந்து வந்த ஜெர்மன் செம்பும் வெள்ளியும் அடுத்த ஆண்டுக் கப்பலில் ஏறின. மன்னர் மனுவேலை ‘மளிகைக்கடை ராஜா’ என்று பிரெஞ்சு மன்னர் கிண்டல் செய்ததாகச் சொல்வார்கள். உண்மையில் மளிகைக்கடைக்காரரின் சிக்கனம் இருந்திருந்தால் கடையாவது தேறியிருக்கும்.

கோவாவுக்கு அடங்காத போர்த்துகீசியர்

நம் கரையில் அவர்கள் முகம் வேறு. முத்துக்குளித்துறையில் முத்துச் சலாபத்தின் உரிமைபற்றி முஸ்லிம் வணிகர்களோடு மோதலில் இருந்த பரதவர்கள் கொச்சிக்குத் தூது போய்ப் பாதுகாப்புக் கேட்டார்கள். 1535-37 வாக்கில் சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பிரான்சிஸ் சேவியர் வந்தது அதற்குப் பிறகுதான், 1542-இல். ஆகவே மீனவர்கள் ஏமாந்து மதம் மாறினார்கள் என்ற கதையும், சேவியர் ஒருவர் நிகழ்த்திய அற்புதம் என்ற கதையும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. நெருக்கடியில் இருந்த ஒரு சமூகத்தின் தலைவர்கள் போட்ட அரசியல் கணக்கு அது. பெருமளவு பலித்த கணக்கும்கூட.

நாகப்பட்டினத்திலும் சாந்தோமிலும் குடியேறிய போர்த்துகீசியர் பெரும்பாலும் சொந்த வியாபாரிகள். கோவாவின் கெடுபிடி பிடிக்காமல், ஓய்வுபெற்ற சிப்பாயும் ஓடிப்போன மாலுமியும் இங்கே வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்து, நாயக்கர் ஆட்சியின் நிழலில் அரிசியும் துணியும் ஏற்றி இலங்கைக்கும் மலாக்காவுக்கும் அனுப்பிப் பிழைத்தார்கள். வங்காளத்து ஹூக்ளியிலும் இதே கதை. அரசு எழுதிய சீட்டுக்கு அவர்களில் பலர் தந்த மரியாதை, மாப்பிள்ளைக் கப்பல்காரர் தந்ததைவிடக் குறைவுதான்.

கோவாவிலேயே நிலைமை என்ன? கோட்டைத் தளபதிப் பதவி மூன்றாண்டுக்கு. சம்பளம் சொற்பம். அதைப் பெற மன்னரிடம் சேவைக் கணக்கு நீட்டி வரிசையில் காத்திருந்தவர், பதவிக்கு வந்த மறுநாளே சொந்தக் கணக்கில் வியாபாரம் தொடங்குவார். பின்னாளில் பதவிகளை அரசே காசுக்கு விற்றது. மிளகுக் கப்பலைவிட மக்காவ் - நாகசாகி பட்டும் வெள்ளியும்தான் கொழுத்த லாபம். அதுவும் 1639-இல் ஜப்பான் போர்த்துகீசியரை விரட்டியதோடு முடிந்தது. அரசின் வருமானத்தில் பெரும்பங்கு ஆசிய வணிகர்கள் கட்டிய சுங்கம். அதாவது யாரை மிரட்டினார்களோ அவர்களை நம்பியே பிழைப்பு.

ஒரே ஆயுதம், இன்னொருவர் கையில்

1578-இல் மொராக்கோவின் அல்காசர் கிபிர் போரில் இளம் மன்னர் செபாஸ்டியன் வாரிசில்லாமல் மடிந்தார். 1580-இல் போர்ச்சுகல் ஸ்பெயின் மன்னரின் கைக்குப் போனது. ஸ்பெயினின் எதிரிகளான டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் போர்ச்சுகலுக்கும் எதிரிகளானார்கள். கோவா பேராயரிடம் எழுத்தராக இருந்த லின்ஸ்கோட்டன் என்ற டச்சு இளைஞர், கடல்வழி, காற்று, துறைமுகம், விலைவாசி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போய் 1596-இல் புத்தகமாகப் போட்டார். மிளகுப் பாதையின் ரகசியம் ஆம்ஸ்டர்டாம் கடையில் விற்பனைக்கு வந்தது.

1602-இல் 64 லட்சம் கில்டர் முதலோடு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது. அடுத்த ஆண்டே சிங்கப்பூர் பக்கம் ‘சாந்த்தா கத்தரீனா’ என்ற போர்த்துகீசியக் கப்பலை டச்சுக்காரர் பிடித்தார்கள். அதன் சீனப் பட்டும் பீங்கானும் ஏலத்தில் 30 லட்சம் கில்டருக்கு மேல் போயின. இந்தக் கொள்ளைக்கு நியாயம் சொல்ல அமர்த்தப்பட்டவர் இளம் வழக்கறிஞர் ஹ்யூகோ குரோஷியஸ். அந்த வாதத்திலிருந்து கிளைத்த நூலில், கடல் எவருக்கும் சொந்தமில்லை, அங்கே எவரும் எவரையும் தடுக்க உரிமையில்லை என்று நிறுவினார். சர்வதேசக் கடல் சட்டத்தின் அடிக்கல் என்று இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். கொஞ்ச காலத்தில் அதே டச்சுக் கம்பெனி பழவேற்காட்டில் உட்கார்ந்து சோழமண்டலக் கப்பல்களுக்குத் தன் சொந்தச் சீட்டைக் கிழிக்க ஆரம்பித்தது. குரோஷியஸ் புத்தகத்தை எவரும் எடுத்துக் காட்டவில்லை போலும்.

பீரங்கி மட்டுமே மூலதனம் என்றால், அதிகப் பீரங்கி உள்ளவன் வரும்வரைதான் வாழ்வு. 1622-இல் ஷா அப்பாஸின் பாரசீகப் படை ஆங்கிலேயக் கப்பல்களின் துணையோடு ஹோர்முஸைப் பிடித்தது. 1632-இல் ஷாஜஹான் ஹூக்ளியைத் துடைத்தார். 1641-இல் மலாக்கா டச்சுக்காரரிடம் விழுந்தது. 1650-இல் ஓமான் அரபிகள் மஸ்கட்டை மீட்டார்கள்.

இலங்கையில் செய்தது தனித் தவறு. கடலில் வசூல் செய்தவர்கள் அங்கே நிலம் ஆள ஆசைப்பட்டார்கள். இலவங்கப்பட்டைக்காகக் கோட்டே இராச்சியத்தை விழுங்கினார்கள். 1619-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, சங்கிலி குமாரனை கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். 1621-இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தார்கள். திருக்கோணேச்சரத்தை இடித்துக் கிடைத்த கல்லில் கோட்டை கட்டினார்கள். கண்டியோடு ஓயாத சண்டை. கடைசியில் கண்டி அரசர் இரண்டாம் ராஜசிங்கன் 1638-இல் டச்சுக்காரரோடு ஒப்பந்தம் செய்தார். கொழும்பு ஏறக்குறைய ஏழு மாத முற்றுகைக்குப் பின், பசியும் நோயும் தின்று தீர்த்த நிலையில் 1656 மே மாதம் சரணடைந்தது. கோட்டைக் கதவை டச்சுக்காரர் ராஜசிங்கனுக்குத் திறக்கவில்லை என்பது அவர் கற்ற பாடம். 1658-இல் ரைக்லொஃப் வான் கூன்ஸ் தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் என்று வரிசையாகப் பிடித்துக்கொண்டு போனார். 1663 ஜனவரியில் கொச்சி.

இந்தக் கோட்டைகளை ஏன் லிஸ்பன் காப்பாற்ற முனையவில்லை? 1640-இல் ஸ்பெயினிடமிருந்து விடுபட்ட போர்ச்சுகலிடம் எல்லா இடத்துக்கும் அனுப்பக் கப்பல் இல்லை. இருந்த பலத்தை பிரேசிலின் சர்க்கரைக்கும், அங்கே உழைக்க அடிமைகளைத் தந்த அங்கோலாவுக்கும் செலவழித்தார்கள். லுவாண்டா 1648-இலும் ரெசிஃபே 1654-இலும் திரும்பக் கிடைத்தன. கணக்காகப் பார்த்தால் சரியான முடிவு. பம்பாயை 1661 திருமண ஒப்பந்தத்தில் இளவரசி கத்தரீனாவின் சீதனமாக இங்கிலாந்துக்கே கொடுத்தார்கள். இங்கிலாந்து மன்னர் அதை ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகைக்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார்.

அதற்குப் பிறகு நீண்டது எச்சம் மட்டுமே. 1739-இல் பம்பாய்க்கு வடக்கே போர்த்துகீசியர் வசமிருந்த வசாய் கோட்டையை மராத்தியர் பிடித்தார்கள். கொள்ளைநோய் தின்ற பழைய கோவாவைக் கைவிட்டு வைசிராய்கள் பணஜிக்குக் குடிபெயர்ந்தார்கள். 1961 டிசம்பரில் இந்தியப் படை நுழைந்தபோது கடைசி ஆள்வரை சண்டையிடும்படி லிஸ்பனிலிருந்து சர்வாதிகாரி சலசார் உத்தரவிட்டார். கோவாத் துறைமுகத்தைக் காக்க அங்கே இருந்த போர்க்கப்பல் ஒன்றே ஒன்று, 1930-களில் இங்கிலாந்தில் கட்டியது. அதன் பெயர் ‘அபோன்சோ டி அல்புகர்க்’. இந்தியக் கப்பல்களின் குண்டுகளில் அடிபட்டுத் தரைதட்டி நின்றதை, பிறகு மும்பையில் பழைய இரும்பு விலைக்கு விற்றார்கள். கவர்னர் ஜெனரல் வசாலோ இ சில்வா உத்தரவை மீறி 19-ஆம் தேதி சரணடைந்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தார். நாடு திரும்பியதும் அவரை ராணுவத்திலிருந்து நீக்கினார்கள்.

1974 புரட்சிக்குப் பின்தான் கோவா இந்தியாவுடையது என்று போர்ச்சுகல் ஒப்புக்கொண்டது. மக்காவ் 1999 வரை கையில் இருந்தது. 1961-க்கு முன் கோவா, டாமன், டையூவில் பிறந்தவர்களும் அவர்கள் வழி வந்தவர்களும் போர்த்துகீசியக் குடியுரிமை கேட்கலாம் என்று அந்நாட்டுச் சட்டம் இன்றும் இடம் தருகிறது. ஆயிரக்கணக்கான கோவாக்காரர்கள் அந்தப் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, லிஸ்பனில் நிற்காமல், இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரத்துக் கிடங்குகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குப் போனார்கள்.